படிப்பு இருக்கிறது, பாடம் நடத்திய அனுபவம் இல்லை

கேள்வி: நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்தவள், வயது 24. பன்னிரண்டாம் வகுப்பு வரை மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தேன். சென்னையில் ஒரு பி.பி.ஓ. நிறுவனத்தில் ஓராண்டு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் ஆசிரியராக ஒருநாள்கூட இருந்ததில்லை, பி.எட். படிக்கவும் இல்லை. தாய்லாந்துப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியர் வேலை, மாதம் 35,000 பாட் சம்பளம் என்று ஒரு முகவர் சொல்கிறார். அதற்கு 1,20,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். இப்போது விசா இல்லாமலேயே போய் இறங்கிவிட்டு, அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அப்பா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். முகவர் தந்த பணி ஆணையின் நகலை இணைத்துள்ளேன். போகலாமா? அனுபவம் கேட்காத வேறு நாடுகள் உண்டா? ஆங்கிலத்தைப் பிறமொழியினருக்குக் கற்பிக்கப் பயிற்சி தரும் டெஃப்ல் சான்றிதழை இணையவழியில் வாங்கினால் பயன்படுமா?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: இந்தக் காகிதத்தை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம் என்று உங்கள் தந்தையாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை என்பது பொய்யல்ல. அனுபவம் இல்லாத இந்தியப் பட்டதாரிகளுக்கு உண்மையாகவே வாய்ப்புள்ள மிகச் சில நாடுகளில் அதுவும் ஒன்று. உங்கள் கையில் உள்ள ஆணைதான் நம்பும்படி இல்லை.

அதை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். பணியில் சேர வேண்டிய நாள் ஏப்ரல் 1 என்று இருக்கிறது. தாய்லாந்துப் பள்ளிகளின் முதல் பருவம் மே மாத நடுவில்தான் தொடங்குகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அங்கே நீண்ட விடுமுறை. சில தனியார் பள்ளிகள் கோடைக்கால வகுப்பு நடத்துவதுண்டு என்றாலும், இந்த ஆணையில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. பணியிடம் என்ற இடத்தில் ‘பாங்காக் மண்டலம்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். பள்ளியின் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. கையொப்பமிட்டிருப்பவர் பள்ளி முதல்வர் அல்ல, ஓர் ஆலோசனை நிறுவனத்தின் மேலாளர்; அவருடைய மின்னஞ்சலும் இலவசக் கணக்கு. எல்லாவற்றையும் விட என்னைத் திடுக்கிட வைத்தது, பதவியின் பெயர் ‘ஆங்கில ஆசிரியர் மற்றும் வாடிக்கையாளர் சேவை அலுவலர்’ என்று இருப்பதுதான். எந்தப் பள்ளிக்கு வாடிக்கையாளர் சேவை அலுவலர் தேவைப்படுகிறார்?

2022 ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவடி பகுதியில் இணைய மோசடி செய்யும் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். வெளியுறவு அமைச்சகம் அப்போதே வெளிப்படையாக எச்சரித்தது. மீட்கப்பட்டுச் சென்னைக்குத் திரும்பியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அந்தக் கும்பல்கள் தேடியது உங்களைப் போன்ற ஆட்களைத்தான்: ஆங்கிலம் பேசத் தெரிந்த, தட்டச்சு செய்யத் தெரிந்த, கால் சென்டரில் பழகிய பட்டதாரிகள். உங்கள் முகவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளியின் பெயரே இல்லாத ஆணையை வைத்துக்கொண்டு, விசா இல்லாமல் போய் இறங்கினால், விமான நிலையத்தில் உங்களை அழைத்துச் செல்ல வருபவர் யார் என்று உங்களுக்கும் தெரியாது, இங்கிருக்கும் யாருக்கும் தெரியாது.

முறையான வழி எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும். வேலை தரும் பள்ளி முதலில் தாய்லாந்துத் தொழிலாளர் துறையில் உங்களுக்காக விண்ணப்பித்து ஒரு கடிதம் பெறும். அதைக் காட்டி நீங்கள் இங்கேயே தாய்லாந்துத் தூதரகத்தின் மூலம் ‘நான்-இமிக்ரன்ட் பி’ விசா பெறுவீர்கள். அங்கே போன பிறகு பணி அனுமதியும், குருசபா எனப்படும் ஆசிரியர் மன்றத்திடமிருந்து உரிமமும் வாங்க வேண்டும். கல்வியியல் பட்டம் இல்லாதவர்களுக்கு அந்த மன்றம் தற்காலிக அனுமதி தருவதால்தான் பி.எட். இல்லாமலும் அங்கே வேலை பார்க்க முடிகிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டவரிடம் ஆங்கிலத் திறன் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள். வழக்கமாக டோயிக் தேர்வில் 600 அல்லது அதற்கு மேல். உங்கள் முகவர் டோயிக் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே போன பின் விசாவை மாற்றிக்கொள்வது சில நேரங்களில் நடக்கக்கூடியதே. ஆனால் பணி அனுமதி கையில் வரும் வரை வகுப்பறையில் நிற்பது சட்டப்படி குற்றம், பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும் உங்களுக்குத்தான். சம்பளத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாட்டவருக்குத் தருவதைவிட நமக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டவருக்கும் குறைவாகவே தருவது அங்கே பரவலான வழக்கம். வருந்தத்தக்கது என்றாலும் கணக்குப் போடும்போது அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படித்தவர்களுக்கே தெரியாத செய்தி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் அவர்களுடைய ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகே விமானம் ஏற முடியும். நீங்கள் பட்டதாரி, ஆகவே உங்கள் பாஸ்போர்ட் அந்த அனுமதி தேவைப்படாத ஈ.சி.என்.ஆர். வகை; உங்கள் ஒப்பந்தத்தை யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்கள். பட்டம் தந்த சலுகை என்று நாம் பெருமையாக நினைப்பது, மேஸ்திரிக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் உள்ள ஒரு காவலைப் பட்டதாரிக்கு இல்லாமல் செய்துவிடுகிறது. அந்தச் சோதனையை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் ஈ-மைகிரேட் இணையதளத்தில் அவருடைய உரிம எண்ணைச் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். உங்களிடம் கேட்டிருப்பது அதைப்போல நான்கு மடங்கு. சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைச் சென்னையில் அணுகுங்கள். 1978 முதல் இயங்கும் நிறுவனம் அது.

இனி, வேறு நாடுகள். அனுபவம் இல்லை என்பதை நீங்கள் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். பல நாடுகளில் கதவை அடைப்பது அனுபவம் அல்ல, பாஸ்போர்ட்தான். தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் விசா ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஏழு நாட்டவருக்கே பொதுவாக உரியது. 2010 இல் நடைமுறைக்கு வந்த இந்திய – கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தால் நமக்கும் ஒரு வாசல் திறந்தது என்றாலும், ஆங்கிலப் பாடத்துக்கான ஆசிரியத் தகுதி, அதாவது பி.எட்., இருந்தால்தான் அதில் நுழைய முடியும். சீனாவிலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

ஜப்பான் அரசு 1987 இல் தொடங்கிய ‘ஜெட்’ திட்டத்தை நீங்கள் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். பள்ளிகளில் துணை மொழி ஆசிரியராகப் பணியாற்ற ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் போதும். கற்பித்த அனுபவம் கட்டாயமில்லை. விண்ணப்பக் கட்டணம் கிடையாது, விமானப் பயணச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள், ஓராண்டு ஒப்பந்தத்தை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். இந்தியாவிலிருந்து எடுக்கப்படுவோர் எண்ணிக்கை சிறியது என்பதையும் மறைக்க மாட்டேன். ஜப்பானியக் குடிவரவு விதியில் உங்களுக்குச் சாதகமான ஒரு வரி இருக்கிறது: பள்ளியில் ஒரு மொழியைக் கற்பிக்க வருபவர் அந்த மொழியின் வழியாகப் பன்னிரண்டு ஆண்டுகளாவது கல்வி பெற்றிருக்க வேண்டும். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து ஆங்கில இலக்கியம் படித்த எத்தனையோ திறமைசாலிகள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள், நீங்கள் தாண்டிவிடலாம். உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிற்றுமொழிச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தவரா நீங்கள்? கடிதத்தில் அதைக் குறிப்பிடவில்லை. மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுப்போர் நம் கல்லூரிகளில் ஏராளம் என்பதால் கேட்கிறேன். அப்படியிருந்தால், பிரான்சு அரசு தன் பள்ளிகளுக்கு ஆங்கில உதவியாளர்களை எடுக்கும் திட்டத்தில் இந்தியருக்கும் இடம் உண்டு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதம், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேர வகுப்பு. உதவித்தொகையில் பெரிதாகச் சேமிக்க முடியாது, ஆனால் முறையான விசாவுடன் ஒரு வெளிநாட்டு வகுப்பறை அனுபவம் கிடைக்கும்.

டெஃப்ல் சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தும் ஒரே உலக அமைப்பு என்று எதுவும் இல்லை. சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் ‘120 மணி நேர’ச் சான்றிதழ், விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப உதவும், வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்க உதவாது. கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்ட்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வேறு தரம்: அதில் பயிற்றுநர்கள் பார்த்துக்கொண்டிருக்க, உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கட்டணம் அதிகம்தான். அதைச் செலவிடும் முன் உங்கள் ஊரிலேயே ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியிலோ ஸ்போக்கன் இங்கிலீஷ் மையத்திலோ ஓராண்டு வேலை பாருங்கள். சம்பளம் குறைவாக இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். பணிச் சான்றிதழை மட்டும் பள்ளியின் முகப்புத்தாளில், சேர்ந்த நாள், விலகிய நாள், நடத்திய வகுப்பு, பாடம் ஆகியவற்றுடன் கேட்டு வாங்குங்கள். நம் பள்ளிகள் ‘இவர் இங்கு நன்கு பணியாற்றினார்’ என்று இரண்டு வரியில் எழுதித் தருவது வெளிநாட்டில் செல்லுபடியாவதில்லை.

வெளிநாடு போனால் வாத்தியார் வேலை எளிதில் கிடைக்கும் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வேரூன்றியிருப்பதற்குக் காரணம் உண்டு. எண்ணெய்ப் பணம் பெருகிய நைஜீரியா, 1976 இல் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கியபோது ஆசிரியர்கள் போதவில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பட்டதாரிகள் அங்கே போனார்கள், எத்தியோப்பியாவுக்கும் போனார்கள். அப்படிப் போய் வீடு கட்டியவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை உங்கள் தந்தையாருடையது. அவரிடம் பேசும்போது இதை நினைவில் கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். துபாயில் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் நிறைய இருப்பதாகவும் பி.எட். இல்லாவிட்டாலும் எடுப்பார்கள் என்றும் நண்பர் கூறுகிறார். உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சி.பி.எஸ்.இ. பள்ளிகள் அங்கே நிறைய உண்டு என்பது சரி; பி.எட். வேண்டாம் என்பது தவறு. அரசின் ஆசிரியர் ஒப்புதல் பெறத் தகுதிச் சான்று தேவைப்படுவதால், பி.எட். இல்லாதவரைச் சில பள்ளிகள் அலுவலகப் பணி என்ற பெயரில் எடுத்து வகுப்புக்கு அனுப்புவதுண்டு. அந்த அனுபவம் எங்கும் ஆசிரியர் அனுபவமாகக் கணக்கில் வராது. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பு என்பது உங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆயினும் கணிதத்துக்கு அது நல்ல முதலீடு. 2023 முதல் இங்கிலாந்தின் தகுதிபெற்ற ஆசிரியர் நிலைக்கு இந்தியாவிலிருந்தே விண்ணப்பிக்க, கணிதம் போன்ற சில பாடங்களின் ஆசிரியர்களுக்கு வழி செய்திருக்கிறார்கள். அதற்கு ஆசிரியர் பயிற்சியும் குறைந்தது ஓராண்டு அனுபவமும் வேண்டும். அமெரிக்காவின் ஜே-1 ஆசிரியர் விசாவுக்கு இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள்.

கேள்வி: என் மகள் இந்த ஆண்டுதான் பி.எட். முடித்தாள். மாலத்தீவில் வேலை கிடைத்திருக்கிறது. தனியாக அனுப்பலாமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு தாய், தென்காசி

பதில்: தாராளமாக அனுப்பலாம், அம்மா. தமிழ்நாட்டு, கேரள ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகப் போய்வரும் நாடு அது. பணியிடம் மாலேயா, வெளித்தீவா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். வெளித்தீவு என்றால் தங்குமிடம் பள்ளி தருவதா, தனி அறையா பகிர்வறையா, ஆண்டு விடுமுறைக்கு விமானச்சீட்டு உண்டா என்பதையும் கேளுங்கள். சம்பளம் ரூஃபியாவிலா டாலரிலா என்பது முக்கியம். ரூஃபியாவில் தந்தால், அதை டாலராக மாற்றி ஊருக்கு அனுப்ப வங்கிகள் மாத உச்சவரம்பு வைத்திருக்கின்றன. வீட்டுக் கடன் தவணையை அவளுடைய சம்பளத்தை நம்பி நிர்ணயித்திருந்தால், மாலேயில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் இப்போதைய வரம்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.