1990களில் வந்த லினக்ஸ் வினியோகங்களில் எது யாருக்குச் சரிப்பட்டது?

கேள்வி கேட்டவர் பழைய ஸ்லாக்வேர், டெபியன், ரெட் ஹாட் சிடிக்களை விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் போலிக் கணினி) போட்டுப் பார்க்கப் போகிறாராம். அந்தக் காலத்தில் யார் எதை விரும்பினார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறார். 1997 முதல் ஐந்தாறு வருடம் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் இவற்றோடு மல்லுக்கட்டியவன் நான். பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன். (வினியோகம் என்றால், லினக்ஸ் கர்னல் என்ற மையப் பகுதியோடு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்து, கணினியில் போடத் தயாராகக் கட்டிக்கொடுப்பது.)

முதலில் எஸ்.எல்.எஸ். (சாஃப்ட்லேண்டிங் லினக்ஸ் சிஸ்டம்) பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றவை புரியாது. 1992இல் பீட்டர் மெக்டொனால்டு வெளியிட்ட வினியோகம். விண்டோஸுக்கு முந்தைய சிஸ்டமான டாஸிலிருந்து குதிப்பவர்களை மெத்தென்று தரையிறக்குவோம் என்பது அதன் விளம்பரம். இறங்கியவர்களில் பலருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது, அவ்வளவு பிழைகள்.

அந்தச் சுளுக்குக்கு இரண்டு மாணவர்கள் இரண்டு விதமாக வைத்தியம் பார்த்தார்கள். மின்னசோட்டாவில் படித்துக்கொண்டிருந்த பேட்ரிக் வோல்கெர்டிங், தன் பேராசிரியருக்கும் ஆய்வகத்துக்கும் எஸ்.எல்.எஸ். போட்டுக்கொடுக்கும்போது கண்ணில் பட்ட பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனார். 1993 ஜூலையில் அது ஸ்லாக்வேர் என்று வெளியே வந்தது. அடுத்த மாதமே பர்டூ பல்கலைக்கழக மாணவர் இயான் முர்டாக் டெபியனை அறிவித்தார். அவர் எஸ்.எல்.எஸ்ஸைத் திருத்த உட்காரவில்லை. ஒரே ஆள் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வதுதான் கோளாறு, ஒவ்வொரு பேக்கேஜுக்கும் (போடத் தயாராகக் கட்டிய மென்பொருள்) ஒரு பொறுப்பாளர் வேண்டும், எல்லாருக்கும் பொதுவாக விதி வேண்டும் என்று போனார். (காதலி டெப்ராவின் பெயரில் பாதி, தன் பெயர் முழுசு. அதுதான் டெபியன்.)

யாருக்கு எது என்ற கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. ஆரம்பித்தவருக்கு எது எரிச்சலாக இருந்ததோ, அதே எரிச்சல் உங்களுக்கும் இருந்தால் அவருடைய வினியோகம் உங்களுக்குப் பொருந்தும்.

ஸ்லாக்வேர், கையை அழுக்காக்கிக்கொள்ள அஞ்சாதவர்களுக்கு. எங்களிடம் சிடி டிரைவே இல்லாத 486 ஒன்று மூலையில் கிடந்தது, 8 எம்பி ரேம். அதற்கு ஸ்லாக்வேரை விட்டால் வேறு கதி இல்லை. மொத்தமும் 1.44 எம்பி பிளாப்பி அளவுக்கு வெட்டி வைத்திருப்பார்கள். 'ஏ' தொகுதியில் அடிப்படை, 'என்' தொகுதியில் நெட்வொர்க், 'எக்ஸ்' தொகுதியில் கிராபிக்ஸ், 'இ' என்றால் ஈமேக்ஸ் என்ற எடிட்டர் மட்டுமே. பூட், ரூட் பிளாப்பி இரண்டை மட்டும் ராரைட் என்ற டாஸ் புரோகிராமைக் கொண்டு எழுத வேண்டும், மற்றவற்றை டாஸில் சாதாரணமாகக் காப்பி செய்தாலே போதும். ஏ, என் இரண்டையும் போட ஒரு டஜனுக்கு மேல் பிளாப்பி. கடைசிக்கு முந்தைய பிளாப்பியில்தான் ரீட் எரர் வரும், என்ன ராசியோ! வேறு கணினியில் போய் அதை மட்டும் மறுபடி காப்பி செய்துகொண்டு வந்து தொடர்வேன். ஆனால் போட்டு முடித்த பிறகு அந்தப் பெட்டி அசையவில்லை. டெக்ஸ்ட் திரையில் சி புரோகிராம் கம்பைல் செய்ய மாணவர்கள் வருடக்கணக்கில் அதில் உட்கார்ந்தார்கள்.

அதன் பேக்கேஜ் என்பது வெறும் டார் கோப்பு, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டை. எதற்கு எது தேவை என்று அது சொல்லாது, நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எக்ஸ் விண்டோஸ் என்ற கிராபிக்ஸ் திரை வேண்டுமென்றால் மானிட்டரின் சிங்க் அளவுகளை (திரையை வரையும் வேகம்) நாமே கொடுக்க வேண்டும், தப்பாகக் கொடுத்தால் மானிட்டர் போய்விடும் என்ற எச்சரிக்கை வேறு. யுனிக்ஸ் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அவசரமாக வேலை முடிக்க வந்தவன் தலையில் கை வைத்துக்கொள்வான்.

ரெட் ஹாட் கதை வேறு. மார்க் யூயிங் தொடங்கியது, 1995இல் பாப் யங் சேர்ந்துகொண்டார். ஆர்பிஎம் என்ற பேக்கேஜ் முறைதான் அதன் உயிர்நாடி. ஒரு பேக்கேஜைப் போடவும் எடுக்கவும், ஒரு கோப்பு எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று விசாரிக்கவும் ஒரே கட்டளை. இருபது கணினிகளை ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு இது வரம். கிக்ஸ்டார்ட் என்று ஒன்று உண்டு. எல்லாக் கேள்விக்கும் விடையை ஒரு கோப்பில் எழுதி பிளாப்பியில் வைத்துவிட்டால், இன்ஸ்டாலர் தானே வேலையைப் பார்த்துக்கொள்ளும். இருபது கணினிக்கும் ஒவ்வொரு பிளாப்பி போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

சிக்கல், வெளியிலிருந்து ஒரு ஆர்பிஎம்மைக் கொண்டுவரும்போது ஆரம்பிக்கும். அது இன்னொன்றைக் கேட்கும், இன்னொன்று மூன்றாவதைக் கேட்கும். கேட்பதைச் சொல்லுமே தவிரத் தேடித் தராது. இன்னொரு பாடமும் அப்போதே எல்லாருக்கும் மனப்பாடம்: புள்ளி சைபரில் கை வைக்காதே, புள்ளி இரண்டு வரட்டும். 5.2, 6.2 இரண்டும் தங்கம். 2000இல் வந்த 7.0இலோ, கூடவே வந்த ஜிசிசி 2.96 கம்பைலரை வைத்துக் கர்னலைக் கம்பைல் செய்ய முடியாமல், அதற்கென்று தனியாக ஒரு கம்பைலரைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

நம் ஊரில் ரெட் ஹாட் பரவியதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை. பிசி குவெஸ்ட் இதழோடு லினக்ஸ் சிடி இலவசமாக வந்தது. முதலில் ஸ்லாக்வேர், பின்னால் ரெட் ஹாட். 33.6 கேபிபிஎஸ் மோடத்தில் ஒரு முழு சிடியை இறக்க இரண்டு நாளுக்கு மேல் விடாமல் லைன் வேண்டும். டெலிபோன் பில்லை யார் கட்டுவது? கையில் என்ன சிடி கிடைத்ததோ அதுதான் பலருக்கும் பிடித்த வினியோகம்.

டெபியன் எங்களிடம் தாமதமாக வந்ததும் இதனால்தான். நல்ல இணைய இணைப்பு உள்ளவர்களுக்கும், ஒருமுறை போட்ட சர்வரை மறுபடி கலைத்துப் போட விரும்பாதவர்களுக்கும் அது. இன்ஸ்டால் செய்யும்போது டிசெலக்ட் என்ற திரை வரும். ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள், குழப்பமான கீகள், நடுவில் எதையோ அழுத்திவிட்டால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. அதைப் பார்த்தே ஓடிப்போனவர்கள் பலர். ஆனால் 1998இல் எல்லாப் புரோகிராமும் நம்பியிருக்கும் சி நூலகத்தில், பழைய லிப்சி5இலிருந்து ஜிலிப்சிக்கு மாற வேண்டி வந்தபோது, டெபியன்காரர்கள் ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்தை அப்படியே மேம்படுத்த ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தார்கள். ஸ்லாக்வேர் 1999இல்தான் அப்படி மாறியது, அப்போது அதை வைத்திருந்த நண்பர்கள் ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்துகொண்டிருந்தார்கள். 1999 மார்ச்சில் 2.1 பதிப்போடு ஆப்ட் வந்தது. எது வேண்டும் என்று பெயரைச் சொன்னால், அதற்குத் தேவையானதையெல்லாம் தானே கொண்டுவந்தது. அன்றிலிருந்து நான் டெபியன் பக்கம், அதனால் இந்தப் பத்தியைக் கொஞ்சம் தள்ளுபடியோடு படியுங்கள்.

மற்றவை வேகமாக. ஜெர்மனியின் சூசே ஸ்லாக்வேரை ஒட்டி ஆரம்பித்துப் பின்பு தனக்கென்று வழி வகுத்துக்கொண்டது. ஐந்தாறு சிடி, தடித்த கையேடு, எல்லாவற்றுக்கும் யாஸ்ட் என்ற ஒரே அமைப்புக் கருவி. புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி எக்ஸ் ஓடாமல் தவித்தவர்கள் அங்கேதான் போனார்கள், ஏனென்றால் அவர்கள் தாங்களே எக்ஸ் சர்வர்களை எழுதினார்கள். விண்டோஸிலிருந்து வந்த வீட்டு உபயோகக்காரருக்கு மாண்ட்ரேக். ரெட் ஹாட் அப்போது உரிமப் பிரச்சினையால் கேடிஇ என்ற டெஸ்க்டாப்பைச் சேர்க்கவில்லை, கேல் டுவால் 1998 ஜூலையில் ரெட் ஹாட் 5.1ஐ எடுத்து அதைச் சேர்த்து வெளியிட்டார். கால்டெரா 2.2இல் இன்ஸ்டால் ஆகும்வரை டெட்ரிஸ் மாதிரி ஆட்டம் ஆடலாம். எனக்கு அதில் நினைவிருப்பது அது ஒன்றுதான்.

நீங்கள் போட்டுப் பார்ப்பதானால், க்யூஎமு என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் சிர்ரஸ் கிராபிக்ஸ், என்இ2000 நெட்வொர்க் கார்டு இரண்டையும் தேர்ந்தெடுங்கள், பழைய கர்னல்களுக்கு அவைதான் தெரியும். டிஸ்கை 500 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டிஸ்க் கொடுத்தால் அந்தக் காலத்தில் கர்னலை எடுத்து ஓட்டிய லைலோ என்ற பூட் லோடரால் 1024 சிலிண்டருக்கு அப்பால் இருக்கும் கர்னலை எடுக்க முடியாது. திரையில் 'எல்ஐ' என்று இரண்டு எழுத்து வந்து அப்படியே நின்றுவிட்டால், பயந்துவிடாதீர்கள், அது லைலோ பாதி வழியில் மூச்சை விட்டதுதான்.