பாய்மரப் படகின் நீர்மட்டக் கோடு (வெளிப்புறத்தில் நீர்மட்டத்தையொட்டி அடிக்கும் வண்ணக் கோடு) ஒரே வருடத்தில் கொப்பளித்து உரிவது ஏன்?

பெரும்பாலும் கோடு தாழ்வாக இருப்பதுதான் காரணம். அதற்கு அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட் எந்நேரமும் நீருக்குள் கிடந்தால் கொப்பளிக்கும். தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் ஏற்றி மிதக்கவிட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள்; கோட்டின் அடிவிளிம்பு அதற்கு 3 முதல் 5 செ.மீ. மேலே இருக்கட்டும். இடைப்பட்ட பட்டைக்கு ஆன்டிஃபவுலிங் பெயின்ட் (பாசி, சிப்பி ஒட்டாமல் தடுப்பது).

கோட்டைப் புதிதாக அடிக்கும்போது, முதலில் படகின் மேல் படிந்த மெழுகைக் கரைப்பானால் துடைத்தெடுங்கள், பிறகே 220 எண் உப்புத்தாள். வரிசை மாறினால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். மேலே அடிக்கும் பெயின்ட் மீன்கண் போலக் குழிகுழியாக விலகும். கோட்டின் விளிம்பு நேராக வர டேப் ஒட்டுங்கள்; காகித டேப்பின் அடியில் பெயின்ட் கசியும், மெல்லிய வினைல் டேப்தான் சரி. மெல்லியதாக 2 அல்லது 3 பூச்சு போதும். கடைசிப் பூச்சு விரலில் லேசாக ஒட்டும் பதத்திலேயே டேப்பைப் பின்னோக்கி மடித்து இழுங்கள். முழுக்கக் காய்ந்தபின் இழுத்தால் விளிம்பு பல்பல்லாகப் பிய்யும்.