விமானத்தில் பெட்டி தொலைந்தால், காயம்பட்டால், எவ்வளவு இழப்பீடு கேட்கலாம்?

"உள்நாட்டு விமானம் என்றால் இருபதாயிரத்துக்கு மேல் பேசவே முடியாது என்கிறார்களே, உண்மையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. சென்னையில் நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறவன் நான். அந்த மீதிப் பாதியில்தான் பலர் பணத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

சட்டம் பார்ப்பது நீங்கள் ஏறிய விமானத்தை அல்ல, உங்கள் டிக்கெட்டை. மும்பையிலிருந்து சென்னை வரும் விமானத்தில் அடுத்தடுத்த இருக்கைகளில் இருவர். ஒருவர் மும்பையில் பயணத்தைத் தொடங்கியவர். மற்றவர் லண்டன், மும்பை, சென்னை என்று ஒரே டிக்கெட்டில் வருகிறவர். இருவர் பெட்டியும் தொலைந்தால் முதலாமவருக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். இரண்டாமவருக்குப் பன்னாட்டு விமானப் பயண இழப்பீடு பற்றிய 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன் வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லட்சம்.

மாம்பலத்து அம்மா ஒருவர், மகளின் பிரசவத்துக்காக லண்டன் போய்த் திரும்பினார். மும்பையில் சுங்கச் சோதனைக்காகப் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைத்தார். சென்னையில் பெல்ட் ஓய்ந்த பிறகும் அது வரவில்லை. "இது உள்நாட்டு விமானம்தான் மேடம்" என்று சொல்லி, இருபதாயிரத்துக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். "பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை, சார்" என்றார் என்னிடம். பொய்யும் இல்லை, கவுன்டரில் இருந்த பையனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நல்லவேளை, அவர் கையெழுத்துப் போடவில்லை. அங்கேயே பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தை நிரப்பி நகல் வாங்கியிருந்தார். பெட்டியின் டேக் துண்டும் போர்டிங் பாஸில் ஒட்டியபடியே இருந்தது. ஒரே டிக்கெட் என்பதைச் சுட்டி நோட்டீஸ் அனுப்பியதும் அவர்கள் பேச்சு மாறியது.

ஆனால் உச்சவரம்பு முழுவதும் தானாகக் கைக்கு வந்துவிடாது, இழப்பைக் காட்ட வேண்டும். அந்த அம்மாவின் பட்டியலில் முதலில் இருந்தது, கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த பிரஷர் குக்கர். பில் இருந்ததும் அதற்கு மட்டுமே!

பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. வழக்குக்கு 2 ஆண்டு கெடு. அது தாண்டினால் உரிமையே போய்விடும், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு இங்கே எடுபடாது.

காயம், மரணம் வேறு கதை. பன்னாட்டுப் பயணத்தில் 1,51,880 எஸ்.டி.ஆர். வரையிலான இழப்புக்கு, "எங்கள் மீது தவறில்லை" என்று நிறுவனம் வாதாட முடியாது. அதற்கு மேல், தன் கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தால்தான் தப்பலாம். பலர் இதை உச்சவரம்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் இல்லை, கட்டாயம் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகையும் இல்லை. 2010-இல் மங்களூரில் துபாய் விமானம் விபத்துக்குள்ளாகி 158 பேர் இறந்தார்கள். குறைந்தபட்சம் 75 லட்சம் தர வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னதை, இழப்பை நிரூபிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் ரத்துசெய்தது. அதே விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு 2020-இல் உச்ச நீதிமன்றம் 7.64 கோடி வழங்கியது. தனி நீதிபதி சொன்னதே மனிதத்தன்மையுள்ள வழி என்பது என் கட்சி.

காயத்துக்கு இழப்பீடு கேட்க, நடந்தது 'விபத்து' ஆக இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கும்போது காற்றழுத்த மாற்றத்தால் ஒரு பெண்ணுக்குக் காது கேட்காமல் போனது. விமானத்தின் அழுத்தக் கருவிகள் வழக்கம்போலவே இயங்கின என்பதால் 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விபத்தாக ஏற்கவில்லை. மாறாக, தட்டிலிருந்து சரிந்து ஒரு சிறுமிமேல் கொட்டிய சூடான காபியை 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் விபத்து என்றே சொன்னது. அதனால் மேலேயிருந்து பை விழுந்து அடிபட்டால், இறங்குவதற்கு முன்பே விமானப் பணியாளரிடம் சொல்லிப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். விமான நிலைய மருத்துவரிடம் சீட்டு வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.