புரோஸ்டேட் புற்றுநோய்: ஹார்மோன் மருந்தை மாற்றும் முன் (கேள்வி பதில்)

புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராக இருபத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லன். ஆகவே இப்பதில்களை உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துச் செல்லுங்கள். இவற்றைப் படித்துவிட்டு நீங்களே மருந்தை மாற்றிவிடாதீர்கள்.

மதுரையிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு வயது 74. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லியூப்ரோலைடு ஊசி போடுகிறோம். 0.8 வரை இறங்கிய பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் இரத்த அளவு) இப்போது 3.1 ஆகிவிட்டது. வேறு ஊசிக்கு மாற்றலாமா?

முதலில், இந்தப் புற்றுநோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவைப் பார்த்தீர்களா? பல வீடுகளில் பி.எஸ்.ஏ. சீட்டுகள் கட்டுக்கட்டாக இருக்கும்; டெஸ்டோஸ்டிரோன் சீட்டு ஒன்றுகூட இருக்காது. விரைகள் அந்த ஹார்மோனைச் சுரக்காமல் தடுப்பதே ஊசியின் வேலை. அளவு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்கு மேல் இருந்தால் ஊசி தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்; அது நாள் தவறிப் போடப்பட்டதா, சரியாகக் கலக்கப்பட்டதா என்று விசாரித்து, வேறு ஊசிக்கோ அறுவை சிகிச்சைக்கோ மாறுவதில் நியாயம் உண்டு. அளவு 50-க்குக் கீழே இருந்தும் பி.எஸ்.ஏ. ஏறுகிறது என்றால், ஊசி தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது, நோய்தான் குறைந்த ஹார்மோனிலும் வளரப் பழகிவிட்டது. அப்போது ஊசியின் பெயரை மாற்றுவதால் பயனில்லை. ஊசியைத் தொடர்ந்துகொண்டே வேறு மருந்தைச் சேர்க்க வேண்டும்.

சிகிச்சையில் இறங்கிய மிகக் குறைந்த அளவிலிருந்து 25 விழுக்காட்டுக்கு மேலும், மில்லிலிட்டருக்குக் குறைந்தது 2 நானோகிராமும் பி.எஸ்.ஏ. ஏறி, மூன்று வாரமாவது கழித்துச் செய்யும் மறுபரிசோதனையிலும் அது உறுதியானால்தான் நோய் முற்றுகிறது என்று கணக்கிடுவார்கள். அப்பாவின் ஏற்றம் 2.3. எல்லையைத் தாண்டிவிட்டது என்றாலும் ஒரே சீட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். மறுபரிசோதனைக்கான இரத்தத்தை, அடுத்த ஊசி போடும் நாளன்று, ஊசிக்கு முன்பாக எடுக்கச் சொல்லுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு மனைவி: என் கணவருக்கு அபிராடெரோன் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இனி ஊசியை நிறுத்திவிட்டால் செலவு குறையுமே?

அம்மா, ஊசியை நிறுத்தவே கூடாது. என் பணிக்காலத்தில் என்னை மிகவும் வருத்திய தவறு இதுதான். ஒரு பெரியவர், மாத்திரை வந்துவிட்டது என்று எண்ணி ஐந்து மாதம் ஊசி போடாமல் இருந்தார். அவரிடம் யாரும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. திரும்பி வந்தபோது இடுப்பெலும்பு வலியால் அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அபிராடெரோன், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பியிலும் கட்டிக்குள்ளும் கூட ஹார்மோன் உருவாவதைத் தடுக்கிறது. ஆனால் ஊசி இல்லாவிட்டால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளை மீண்டும் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். ஊசிச் செலவுதான் கவலை என்றால், விரைகளை அகற்றும் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள். 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் இந்தச் சிகிச்சையின் அடிப்படையை நிறுவியது அந்த வழியில்தான். ஒருமுறை செய்தால் போதும், ஊசியே வேண்டாம். ஆனால் அதைத் திரும்பப் பெற முடியாது என்பதால் உங்கள் கணவர் மனமுவந்து சம்மதிக்க வேண்டும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுங்கள். உடன் தரும் பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். இரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை மூன்றையும் தவறவிடாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: பி.எஸ்.ஏ. ஏறியும் மருத்துவர் புதிய மருந்து தரவில்லை. பைகலுட்டமைடை நிறுத்தச் சொல்லி, ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார். கைவிட்டுவிட்டாரா?

இல்லை ஐயா. பைகலுட்டமைடு, புற்றுநோய்ச் செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடமான ஏற்பியைத் தடுக்கும் மாத்திரை. சிலருக்கு அந்த ஏற்பி உருமாறி, தடுக்க வந்த மருந்தையே தூண்டுகோலாக எடுத்துக்கொள்கிறது. அப்போது மருந்தை நிறுத்தினாலே பி.எஸ்.ஏ. இறங்கும். புளூட்டமைடு என்ற பழைய மருந்தில் இதை 1993-இல் விவரித்தார்கள். பைகலுட்டமைடு உடலை விட்டு மெதுவாகவே நீங்குவதால்தான் ஆறு வாரம். வலியோ வேறு அறிகுறியோ இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு அபிராடெரோன் 14 மாதம் பலன் தந்தது. இப்போது என்சலுட்டமைடுக்கு மாறலாம் என்கிறார்கள்.

மாறலாம், ஆனால் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அபிராடெரோன் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கிறது, என்சலுட்டமைடு அதன் ஏற்பியைத் தடுக்கிறது; இரண்டும் ஒரே பாதையைத் தாக்குவதால் ஒன்றுக்குப் பழகிய நோய் மற்றதற்கும் பெரும்பாலும் பழகியிருக்கும். கனடாவில் 202 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், அபிராடெரோனுக்குப் பின் என்சலுட்டமைடு எடுத்தவர்களில் 36 விழுக்காட்டினருக்கு பி.எஸ்.ஏ. 30 விழுக்காடாவது குறைந்தது. வரிசையை மாற்றி எடுத்தவர்களில் 4 விழுக்காட்டினருக்கே குறைந்தது. ஆகவே உங்கள் அப்பாவுக்கு வாய்த்திருப்பது சாதகமான வரிசை.

இருப்பினும் டோசிடாக்சல் கீமோவுக்கு உடல் தாங்குமா, பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் மாற்றம் உண்டா என்ற பரிசோதனை செய்தாயிற்றா என்று கட்டாயம் கேளுங்கள். அந்த மாற்றம் இருந்தால் ஓலாபரிப் என்ற முற்றிலும் வேறு வழி திறக்கிறது. வலிப்பு வந்ததுண்டா, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கிறாரா என்பதையும் தெரிவியுங்கள். என்சலுட்டமைடு பல மருந்துகளின் அளவைக் குலைக்கும், முதியவர்களைத் தடுமாறி விழவும் வைக்கும்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு நோயாளி: எனக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. ஊசியை விட்டு ரெலுகோலிக்ஸ் மாத்திரைக்கு மாறுவது நல்லதா?

கேட்கத் தகுந்த கேள்வி. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அந்த மாத்திரையை லியூப்ரோலைடுடன் ஒப்பிட்ட ஆய்வில், பெரிய இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 2.9 விழுக்காடாகவும், ஊசியில் 6.2 விழுக்காடாகவும் இருந்தன. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த டெகாரெலிக்ஸ் ஊசியை வைத்து 2021-இல் வெளியான ஆய்வில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. மாறுவதானால் அடுத்த ஊசிக்குரிய நாளிலேயே தொடங்குவது வழக்கம். ஒரு எச்சரிக்கை: மூன்று மாத ஊசி மறதியைப் பொறுத்துக்கொள்ளும், இந்த மாத்திரை பொறுக்காது. ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் முதல் நாள் அளவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

ஊர் குறிப்பிடாத ஒருவர்: மருந்தை மாற்றினால் திடீர் உடல் வெப்பமும் வியர்வையும் நிற்குமா?

பெரும்பாலும் நிற்காது, ஹார்மோன் குறைவதால் வருவது அது, எந்த ஊசியிலும் வரும். குறைக்கத் தனி மருந்துகள் உண்டு, கேளுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மகன்: மருந்து மாற்ற அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். நேற்று முதல் அப்பாவுக்கு முதுகில் கடும் வலி, கால்கள் தளர்கின்றன, சிறுநீர் சரியாகப் போகவில்லை.

தம்பி, அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். முதுகெலும்பில் பரவிய நோய் தண்டுவடத்தை அழுத்தினால் இப்படித்தான் தொடங்கும். உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, ஸ்டீராய்டும் கதிர்வீச்சோ அறுவை சிகிச்சையோ தொடங்கினால் நடக்கும் ஆற்றலைக் காக்க முடியும். நடை நின்றுபோன பின் மீட்பது மிகக் கடினம். மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு, நடக்க விடாமல் படுத்த நிலையில், இன்றிரவே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.