பேட்டர்ன் வரலையே அக்கா!

கேள்வி: வீட்டில் தையல் வகுப்பு நடத்துகிறேன். பிளவுஸ் பேட்டர்னை (துணியில் வைத்து வெட்டும் அளவுத் தாளை) பிடிஎஃப் ஆக்கி என் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறேன். பெயர், ஊர், போன், இமெயில் நான்கையும் நிரப்பினால்தான் இறங்கும். பாதிப் பேர் நிரப்பாமலே போய்விடுகிறார்கள். சிலர் போன் நம்பர் 9999999999 என்கிறார்கள். ஒழுங்காக நிரப்பியவர்களோ, "பேட்டர்ன் வரலையே அக்கா" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகி, ஈரோடு

பதில்: அந்தப் பத்து ஒன்பதுகாரர் மேல் எனக்குக் கோபமே இல்லை. நானும் அதைத்தான் அடிப்பேன். பேட்டர்ன் கேட்டு வந்தவரிடம் போன் நம்பர் எதற்கு? இமெயில் ஒன்றே போதும். வகுப்புக்கு ஆள் சேர்க்கத்தான் கேட்கிறீர்கள் என்றால், 'புது வகுப்பு பற்றி எனக்குத் தெரிவிக்கலாம்' என்று தனிக் கட்டம் வையுங்கள். டிக்கை அவரே போடட்டும். சொன்ன காரியத்துக்குத் தேவையான தகவலோடு சம்மதம் நின்றுவிட வேண்டும் என்பதுதான் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கும்.

'வரலையே அக்கா'தான் உண்மையான வியாதி. படிவத்தை அனுப்பியதும் வெறும் 'நன்றி' வந்தால் அவர் எங்கே போய்த் தேடுவார்? அதே பக்கத்தில் பெரிய டவுன்லோட் பட்டன் வேண்டும். எத்தனை பக்கம், எத்தனை எம்பி என்பதும் அதிலேயே இருக்கட்டும். இமெயிலுக்கும் லிங்க் போகட்டும். பார்ப்பது போனில், பிரிண்ட் எடுப்பது கடையில் அல்லவா? இன்ஸ்டாகிராமில் லிங்க்கைத் தட்டி வருகிறவர்களுக்கு, அந்த ஆப்புக்குள்ளேயே பக்கம் திறந்து, சில சமயம் ஃபைல் இறங்காமல் நின்றுவிடும். 'இறங்கவில்லையா? குரோமில் திறங்கள்' என்று ஒரு வரி சேருங்கள். ஃபைலுக்கு 'ஃபைனல் 2' என்று பெயர் வைத்திருந்தால், தயவுசெய்து 'பிளவுஸ் 36 இஞ்ச்' என்று மாற்றிவிடுங்கள்.

இறங்கியதோடு கதை முடியாது. கடைக்காரர் 'ஃபிட் டு பேஜ்' கொடுத்தால் ஏ4 தாளில் உங்கள் 36 சத்தமில்லாமல் சுருங்கிவிடும். முதல் பக்கத்தில் 5 செ.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். 'ஸ்கேல் வைத்துப் பாருங்கள்; 5 வரவில்லையா? துணியில் கத்தரி வைக்காதீர்கள், 100% அளவில் மறுபடி பிரிண்ட் எடுங்கள்' என்று அதன் கீழே எழுதுங்கள். டவுன்லோட் பட்டன் பக்கத்திலும் இதைச் சொல்லுங்கள்.

ஒருவர் இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் படிவம் என்ன ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். போடத்தான் போகிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வகுப்பின் பெயரையும் இணைய முகவரியையும் அச்சிட்டுவிடுங்கள், காசில்லாத நோட்டீஸ்!