கேட் வால்வு கழுத்தில் தண்ணீர் கசிந்தால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாடியில் 1,000 லிட்டர் டேங்க். அதிலிருந்து இறங்கும் ஒரு இஞ்ச் குழாயில் பித்தளை கேட் வால்வு. நாலைந்து வருடமாக யாரும் தொடவில்லை. போன வாரம் சமையலறைக் குழாயை மாற்ற அதை மூடித் திறந்தோம். அன்றிலிருந்து சக்கரத்துக்குக் கீழே சொட்டுகிறது. வால்வையே மாற்றச் சொல்கிறார் பிளம்பர். மாற்றித்தான் ஆக வேண்டுமா? – வாசகி, திருமங்கலம்

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. முதலில் கசிவு எங்கே தொடங்குகிறது என்று உறுதி செய்யுங்கள். வால்வை ஈரம் போகத் துடைத்துவிட்டு, செய்தித்தாள் துண்டுகளைக் கழுத்தில் ஒன்று, இரண்டு பக்கக் குழாய் மரைகளில் ஒவ்வொன்று, அடியில் ஒன்று என வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். முதலில் நனையும் தாளே சாட்சி. அடிப்பாகத்தில் கீறல் விட்டிருந்தால் மட்டும் உடனே புது வால்வு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு கழுத்தில். சக்கரத்தோடு சுற்றும் தண்டைச் சுற்றித் தண்ணீர் மேலே வராமல் இருக்க, உள்ளே ஒரு பேக்கிங் கயிறு திணித்திருப்பார்கள். அதை அழுத்திப் பிடிப்பது கிளாண்ட் நட். போர் தண்ணீரின் உப்பு வருடக்கணக்கில் தண்டில் ஏறி உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகிவிடும். திடீரென்று திருப்பும்போது அது காய்ந்த கயிற்றைச் சுரண்டிவிடுகிறது.

ஒரு ஸ்பேனரால் வால்வின் உடம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் கிளாண்ட் நட்டை வலப்பக்கமாக அரைக்கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். உடம்பைப் பிடிக்காமல் திருகினால் அந்த விசை முழுதும் பிளாஸ்டிக் குழாய் இணைப்புக்குப் போய் அங்கே விரிசல் விழும். சொட்டு நிற்கவில்லையா, இன்னொரு அரைக்கால் சுற்று. சக்கரம் கைக்கு இறுகத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். கயிறு செத்துவிட்டது, மாற்ற வேண்டும்.

கயிறு மாற்ற, டேங்கில் தண்ணீரைக் குறைத்துவிட்டு மோட்டாரை அணைத்து வையுங்கள். டேங்க் முழுதும் காலியாக வேண்டாமென்றால், பழைய சைக்கிள் டியூபை உருண்டையாகச் சுற்றி உள்ளிருந்து குழாய் வாயில் அடைக்கலாம். அதில் கயிறு கட்டி வெளியே விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு வால்வை மூடி, கீழ்வீட்டுக் குழாய்களைத் திறந்து வடிய விடுங்கள்.

சக்கரத்தின் மேல் நட்டைக் கழற்றிச் சக்கரத்தை எடுங்கள். கிளாண்ட் நட்டையும் அதன் அடியில் இருக்கும் புஷ்ஷையும் தூக்கி, பழைய கயிற்றை மெல்லிய ஆணியால் துண்டு துண்டாக நோண்டி எடுங்கள். தண்டில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் அதுவே அடுத்த கசிவுக்கு வழி. உப்பு படிந்த தண்டில் எலுமிச்சைச் சாறு நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்துத் துடைத்தால் உப்பு கரைந்து வந்துவிடும்.

டெஃப்லான் டேப்பை ஒரு முழம் எடுத்துத் திரித்துக் கயிறாக்குங்கள். மேலிருந்து பார்க்க வலப்பக்கமாகத் தண்டில் நாலைந்து சுற்று சுற்றிக் குழிக்குள் அழுத்துங்கள். இடப்பக்கம் சுற்றினால் நட்டை இறுக்கும்போது பிரிந்து வெளியே வரும். நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. மாடி டேங்குக்கு மூன்று மீட்டர் கீழே இருக்கும் வால்வில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதற்குப் பலம் காட்டத் தேவையே இல்லை.

தண்ணீர் விட்டபின் குழாயில் ஏர் பிடித்துக்கொண்டு வரத்துக் குறையலாம். கீழ்த்தளத்திலேயே மிகத் தாழ்ந்த குழாயை முழுதாகத் திறந்து வையுங்கள், கரகரவென்று காற்று வெளியேறிவிடும். கேட் வால்வைப் பாதி திறந்து வைக்காதீர்கள். உள்ளே தண்ணீரை மறிக்கும் பலகை அதிர்ந்து விளிம்பு தேயும். முழுதும் திறந்து, இறுகிக்கொள்ளாமல் இருக்கக் கால் சுற்று பின்னால் வாருங்கள். மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் உப்பு தங்காது. சக்கரம் சும்மா சுற்றி, தண்ணீர் மட்டும் நிற்கவில்லையென்றால் தண்டிலிருந்து பலகை கழன்றுவிட்டது. அப்போது உங்கள் பிளம்பர் சொல்வது சரி.

கேள்வி: வாசலில் செங்கல் குழிக்குள் மாநகராட்சி இணைப்பின் வால்வு. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் சேரும் மரையில் கசிகிறது, குழியில் எப்போதும் தண்ணீர். தண்ணீர் வீணாவது தவிர வேறு ஆபத்து உண்டா? – வாசகர், செல்லூர்

பதில்: உண்டு. இது வீணாகும் தண்ணீரை விடப் பெரிய விஷயம். தண்ணீர் வரும் நேரத்தில்தான் அந்தக் குழாயில் அழுத்தம். நின்றதும் குழாய் வெறுமையாகி, வெளியே கசிந்த அதே வழியில் குழித்தண்ணீரை உள்ளே இழுக்கும். யாராவது குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் வேகமாக. சாக்கடை பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். சரிசெய்யும் வரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

ஜி.ஐ. மரையை ரிஞ்சு போட்டு இறுக்க முயல வேண்டாம். துருப்பிடித்த மரை அப்படியே முறியும். தண்ணீர் வராத நாளில் குழியை இறைத்துக் காயவிட்டு, அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புது வால்வோடு ஒரு யூனியனும் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை வெட்டாமல் கழற்றலாம். மரைக்குச் சணலும் ஒயிட் லெட்டும் பழைய வழக்கம். ஈயம் கலந்ததைக் குடிநீர்க் குழாயில் போடாதீர்கள், டெஃப்லான் டேப் ஆறேழு சுற்று போதும். முதல் மரையை விட்டுச் சுற்றினால் டேப் துணுக்கு உள்ளே போகாது. குழியின் விளிம்பை நாலு அங்குலம் உயர்த்தி, அடியில் ஜல்லி போடுங்கள். வேலை முடிந்ததும் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். கசிவு ரோட்டுப் பக்கம் என்றால் நீங்கள் தோண்ட வேண்டாம், மாநகராட்சியில் புகார் கொடுங்கள்.

கேள்வி: பாத்ரூம் பிளாஸ்டிக் பால் வால்வின் கைப்பிடி அடியில் கசிகிறது. எம்-சீல் வைத்தால் நிற்குமா? – வாசகர், மேலூர்

பதில்: நிற்காது. ஈரத்தில் அது சரியாக ஒட்டாது, ஒட்டினாலும் கைப்பிடியைத் திருப்பியதும் பெயரும். ஒட்டி மூடிய வால்வைப் பிரிக்கவும் முடியாது, வெட்டி மாற்றுங்கள். கடைக்குப் போகும்போது வெட்டிய குழாய்த் துண்டைக் கையில் கொண்டு போங்கள். வெள்ளைக் குழாய் யு.பி.வி.சி., சந்தன நிறம் சி.பி.வி.சி. இரண்டையும் முக்கால் இஞ்ச் என்றே விற்றாலும் வெளி அளவு வேறு, ஒட்டும் பசையான சால்வன்ட்டும் வேறு. ஒட்டியதும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, முடிந்தால் இரவு முழுதும் தண்ணீர் விடாமல் வையுங்கள்.