பள்ளி நூலகத்தில் ஓர் ஆண்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் ஒரு பள்ளியில் நூலகப் பொறுப்பில் இருக்கிறேன். சென்ற ஆண்டு மாதத்துக்கு ஒன்றாகப் பத்து நிகழ்ச்சிகள் நடத்தினேன். வினாடி வினா, கதைமாந்தர் மாறுவேடம், சுவரொட்டிப் போட்டி, ஓர் எழுத்தாளரின் உரை என்று ஒன்றும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கூட்டம் வந்தது. அதிகப் புத்தகம் வாசித்தவருக்குப் பரிசு என்றும் அறிவித்திருந்தோம்.

ஆண்டு முடிவில் இரவல் பதிவேட்டைப் புரட்டியபோது மனம் சோர்ந்துவிட்டது. பரிசுக்காக ஓடிய ஏழெட்டுப் பிள்ளைகளின் பக்கங்கள் நிரம்பி வழிந்தன. மற்றவர்களில் பலருடைய பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. பரிசளிப்பு முடிந்ததும் அந்த ஏழெட்டுப் பேரும் நூலகம் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

புதிய ஆண்டுக்கான திட்டத்தைத் தலைமையாசிரியர் கேட்கிறார். நிகழ்ச்சிகளையே விட்டுவிடலாமா? விட்டால் நூலகம் தூங்குகிறது என்பார்கள். நீங்கள் சில ஆண்டுகள் ஒரு பள்ளி நூலகத்தில் தன்னார்வலராக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு பள்ளி நூலகர்

*

அன்புள்ள நூலகருக்கு,

பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். அதனால் இப்படியே அழைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, நீங்கள் பதிவேட்டைத் திறந்து பார்த்தது. நிகழ்ச்சிப் படங்களை மட்டும் பார்த்திருந்தால் நல்ல ஆண்டு என்று நிம்மதியாக இருந்திருப்பீர்கள். பதிவேடு உங்களை உறங்கவிடவில்லை. அந்தச் சோர்வை நான் மதிக்கிறேன்.

நிகழ்ச்சிகளை விட்டுவிட வேண்டாம். ஆனால் பத்து வேண்டாம், மூன்றோ நான்கோ போதும். மிச்சமாகும் உழைப்பு முழுவதையும் தினம் பத்து நிமிடத்துக்குக் கொடுங்கள்.

ஜப்பானில், சிபா மாகாணத்தில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் 1988-இல் ஹயாஷி ஹிரோஷி என்ற ஆசிரியர் ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். முதல் பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம் எல்லோரும் அமைதியாக வாசிப்பது. 'அசாதோகு', அதாவது காலை வாசிப்பு என்று அதற்குப் பெயர். பிறகு அந்த நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது. அதற்கு நான்கே விதிகள். எல்லோரும் வாசிக்க வேண்டும். தினமும் வாசிக்க வேண்டும். பிடித்த புத்தகத்தை வாசிக்கலாம். வாசித்தால் மட்டும் போதும்.

இந்த நான்காவது விதிதான் நம்மைப் போன்றவர்களுக்குக் கடினம். பிள்ளை புத்தகத்தை மூடியதும் சுருக்கம் எழுதச் சொல்வோம், நீதி என்ன என்று கேட்போம், கடினச் சொற்களை அடிக்கோடிடச் சொல்வோம். எதுவும் கேட்காமல் விட்டால் கடமையில் தவறிவிட்டதுபோல மனம் உறுத்தும். தயவுசெய்து அந்தப் பத்து நிமிடத்தில் எதுவும் கேட்காதீர்கள். 'எல்லோரும்' என்பதில் ஆசிரியரும் அடக்கம். அந்த நேரத்தில் விடைத்தாள் திருத்தும் ஆசிரியர், வாசிப்பு சின்னவர்களுக்கான வேலை என்று வாய் திறக்காமலே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்.

நடைமுறையில் இது பெரும்பாலும் புத்தகம் கையில் இல்லாததால்தான் தோற்கும். மணி அடித்த பிறகு புத்தகம் தேட ஆரம்பித்தால் பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். வகுப்புக்கு ஒரு பெட்டி வையுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாகப் புத்தகங்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வகுப்புகளுக்கிடையே பெட்டி மாற்றம். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு பெட்டியிலும், மேல்வகுப்புப் பெட்டியிலும்கூட, படம் நிறைந்த நூல்கள் இருக்கட்டும். எல்லார் பெட்டியிலும் இருந்தால் யாருக்கும் வெட்கம் இல்லை.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வாரம் ஒருநாள் போய் உட்கார்ந்த நூலகத்தில், பூச்சிகளைப் பற்றிய ஒரு படப்புத்தகத்தையே அவன் இரண்டு மாதம் வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தைத் திருப்புவதுகூட அபூர்வம். "வேறு புத்தகம் கொடுங்கள், சும்மா படம் பார்த்துப் பொழுதைக் கழிக்கிறான்" என்று அவன் ஆசிரியர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஏனோ மாற்றாமல் விட்டேன். ஒருநாள் என்னிடம் வந்து, "இந்தச் சிலந்திக்கு ஆறு கால்தான் போட்டிருக்காங்க, எட்டு இருக்கணும்ல?" என்றான். உண்மைதான். அந்தப் படத்தில் இரண்டு கால்கள் குறைந்தன. சரி, இன்னொரு புத்தகத்தில் பார்த்துவிடலாம் என்று இருவரும் அறிவியல் அலமாரிக்குப் போனோம். அவன் வீட்டுக்கு எடுத்துப்போன முதல் நூல் அன்று பதிவேட்டில் ஏறியது. அந்த இரண்டு மாதமும் அவன் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அடுத்தது பரிசு. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய இடம் அதுதான், பரிசளிப்பு முடிந்ததும் பிள்ளைகள் வருவதைக் குறைத்துக்கொண்ட இடம். அது உங்கள் குறையும் இல்லை, அந்தப் பிள்ளைகளின் குறையும் இல்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு தந்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. சில நாட்கள் கழித்துப் பேனாக்களைத் திரும்ப மேசையில் வைத்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆக, கெடுப்பது பரிசுப் பொருளே அன்று. 'இதைச் செய்தால் இது கிடைக்கும்' என்று முன்கூட்டிச் செய்துகொள்ளும் அந்த ஒப்பந்தம்தான்.

அதனால் எண்ணிக்கைப் போட்டியை நிறுத்திவிடுங்கள். ஒரு பிள்ளையைப் பாராட்ட வேண்டும் என்றால், முன்னறிவிப்பில்லாமல் ஒருநாள் கூப்பிட்டு, நூலகத்துக்கு அடுத்து வாங்கப்போகும் புத்தகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்தப் புத்தகம் வந்ததும் முதலில் அவள் கைக்கே போகட்டும்.

இனி நிகழ்ச்சிகள். எந்த நிகழ்ச்சியை யோசித்தாலும், முடியும்போது எத்தனை புத்தகம் அலமாரியை விட்டு வெளியே போயிருக்கும் என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். மாறுவேடப் போட்டியில் ஒரு பக்கமும் வாசிக்காமல் முதல் பரிசு வாங்கிவிடலாம். வினாடி வினாவில் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் மனப்பாடம் செய்தால் போதும். அவை கெட்டவை என்று சொல்லவில்லை. வாசிப்புக்கும் அவற்றுக்கும் நடுவில் தூரம் அதிகம்.

நான் கண்டவரை தூரமே இல்லாத நிகழ்ச்சி என்றால், ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2007-இல் தனிகுச்சி தடஹிரோ தொடங்கிய 'பிப்ளியோபேட்டில்'. நாம் 'புத்தகக் களம்' என்று சொல்லிக்கொள்ளலாம். நான்கைந்து பேர் ஆளுக்கொரு புத்தகத்தோடு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் 5 நிமிடம். எழுதிவைத்துப் படிக்கக்கூடாது. பேசி முடித்ததும் கேட்பவர்கள் இரண்டு மூன்று நிமிடம் கேள்வி கேட்கலாம். கடைசியில் வாக்கெடுப்பு. 'யார் நன்றாகப் பேசினார்' என்பது அங்கே கேள்வியே இல்லை. 'எந்தப் புத்தகத்தை வாசிக்க உங்களுக்கு ஆசை வருகிறது' என்பதற்கு மட்டும் வாக்கு. வெல்வது புத்தகம். பேச்சுப் போட்டியில் முழங்கத் தெரியாத, தயங்கித் தயங்கிப் பேசும் பிள்ளையும் இதில் வெல்ல முடியும். நான் பார்த்த ஒன்றில் ஒரு சிறுமி மூன்றாவது நிமிடத்தில் பேச்சு மறந்து நின்றுவிட்டாள். பிறகு, "எனக்குச் சொல்லத் தெரியலை, ஆனா அந்த நாய் கடைசியில திரும்பி வருதான்னு நான் சொல்லமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். அந்தப் புத்தகத்துக்குத்தான் அதிக வாக்கு. அன்று மாலையே அதற்குக் காத்திருப்போர் பட்டியல் போட வேண்டியதாயிற்று. சிறு வகுப்புகளுக்கு 5 நிமிடம் அதிகம், மூன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பெரிய வகுப்புகளுக்கும்தான். தானாக வாசிக்கத் தெரிந்துவிட்டால் வாசித்துக் காட்டக்கூடாது என்று யார் விதித்தார்கள் என்று தெரியவில்லை. பரபரப்பான ஓர் இடத்தில் நிறுத்தி, மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு நகருங்கள். ஜப்பானியரின் 'காமிஷிபாய்' என்ற காகித நாடகமும் இதற்கு நல்லது. ஒரு சட்டத்துக்குள் பட அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, கதை சொல்வது. முதல் படத்துக்கான கதை கடைசி அட்டையின் பின்புறம் எழுதியிருக்கும். உருவிய அட்டை பின்னால் போகப்போக, சொல்ல வேண்டிய வரிகள் சொல்பவருக்கு எதிரிலேயே வந்துகொண்டிருக்கும். பிள்ளைகளே தங்களுக்குப் பிடித்த கதைக்கு இப்படி அட்டைகள் செய்தால், அந்தக் கதையைக் குறைந்தது நான்கு முறையாவது திரும்ப வாசித்திருப்பார்கள்.

எழுத்தாளரை அழைப்பதென்றால் மூன்று வாரம் முன்பே அவருடைய புத்தகங்கள் பிள்ளைகளிடம் சுற்றட்டும். வாசிக்காத கூட்டத்துக்கு முன்னால் அவரும் அறிவுரைதான் சொல்லிவிட்டுப் போவார். எழுதுகிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நாட்களைப் பொறுத்தவரை உங்கள் பள்ளி ஆண்டு எந்த மாதத்தில் தொடங்கினாலும் நிகழ்ச்சியை மாட்டிவைக்கச் சில கொக்கிகள் தயாராக இருக்கின்றன. செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள். அக்டோபர் முழுவதும் பன்னாட்டுப் பள்ளி நூலக மாதம். பிப்ரவரி 21 தாய்மொழி நாள். குழந்தைக் கதை எழுத்தாளர் ஆண்டர்சன் பிறந்த ஏப்ரல் 2 குழந்தை நூல் நாள். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். எல்லாவற்றையும் கொண்டாடக் கிளம்பினால் போன ஆண்டு நடந்ததுதான் திரும்ப நடக்கும். அக்டோபரில் புத்தகக் களம், பிப்ரவரியில் வீட்டில் பேசும் மொழி எதுவானாலும் அதில் ஒரு கதையைக் கொண்டுவந்து வாசிக்கும் நாள், ஏப்ரலில் ஒன்று. இவ்வளவே நிறைய.

ஆண்டின் முதல் மாதத்தில் நிகழ்ச்சியே வைக்காதீர்கள். அலமாரிகளைப் பிள்ளைகள் கைவைத்துப் பழகட்டும். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னக் 1992-இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிப்போகும் உரிமையும், முடிக்காமல் விடும் உரிமையும் அதில் உண்டு. ஏன், வாசிக்காமலே இருக்கும் உரிமைதான் அதில் முதலாவது. தப்பித்துப்போக வழியிருக்கிறது என்று தெரிந்தால்தான் தயங்குகிற பிள்ளை உள்ளே வருவான்.

அப்புறம் விடுமுறை. இதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் முடிக்க முடியாது. நீண்ட விடுமுறைக்கு முன் எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கி, எண்ணி, பூட்டிவிடுகிறோம். பிள்ளைக்கு நேரம் கொட்டிக்கிடக்கும் காலத்தில் நூலகம் மூடியிருக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் வறுமையான பகுதிப் பள்ளிகளில், மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களை ஆய்வாளர்கள் கொடுத்தனுப்பிப் பார்த்தார்கள். 2010-இல் அதன் முடிவு வெளியானது. புத்தகம் பெறாதவர்களைவிட அவர்களுடைய வாசிப்புத் திறன் கூடியிருந்தது. மிக வறிய பிள்ளைகளிடம் பலன் இன்னும் அதிகம். பாடம் நடத்தவில்லை, பயிற்சித் தாள் திணிக்கவில்லை. அவர்கள் விரும்பிய புத்தகத்தைக் கொடுத்தார்கள்.

தொலைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. தொலைந்த ஒவ்வொரு நூலுக்கும் பொறுப்பாளரே பணம் கட்ட வேண்டிய ஓரிடத்தை நான் அறிவேன். அங்கே அவர் பூட்டுவதைத் தவிர வேறென்ன செய்வார்? ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் முதலாவது, 'நூல்கள் பயன்படுத்துவதற்கே'. அந்த விதியை விளக்கும்போது அவர் சுட்டிக்காட்டுவது இந்தச் சங்கிலியைத்தான். ஆகவே உங்கள் திட்டத்திலேயே ஒரு வரி சேருங்கள். நூற்றுக்கு இத்தனை புத்தகம் ஆண்டுக்குத் தேயும், கிழியும், தொலையும், அதற்கு நூலகர் பொறுப்பல்ல என்று தலைமையாசிரியரின் கையெழுத்தோடு இருக்கட்டும். எனக்குத் தெரிந்து ஒரு பள்ளி நூலகத்துக்கு இதைவிடப் பெரிய விடுதலை கிடையாது.

நூலகம் தூங்குகிறது என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு உங்களிடம் ஓர் எண் இருக்க வேண்டும். இதுவரை ஒரு புத்தகமும் எடுக்காத பிள்ளைகள் எத்தனை பேர்? மாத முடிவில் பதிவேட்டைப் புரட்டி அதைக் குறித்துவையுங்கள். அந்தப் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடாதீர்கள். அந்தப் பட்டியல் உங்கள் மேசை இழுப்பறையில் உங்களுக்கு மட்டும் தெரிந்து கிடக்கட்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று பேராக, இடைவேளையில் போய்ப் பேச்சுக் கொடுங்கள். எதில் ஆசை என்று தெரிந்துகொண்டு, அடுத்த நாள் ஒரே ஒரு புத்தகத்தோடு போங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் வந்துவிடுங்கள், அடுத்த மாதம் வேறொன்றோடு போகலாம்.

முதல் மாதத்து எண் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்